கருஞ்சிட்டில் பாதி கருப்பே இல்லை

போன வாரம் பழைய பறவை நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் "கருஞ்சிட்டு - 1" என்று ஒரு வரி, அதற்கு நேர் கீழே "மண்கலர் குருவி, பெயர் தெரியவில்லை - 1" என்று இன்னொரு வரி. அடுத்த நாளும் அதே இரண்டு வரி. அதற்கு அடுத்த நாளும். ஒன்றரை வருஷம் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறேன். அதே மோட்டார் ரூம், அதே காலை ஆறரை மணி, இரண்டும் எப்போதும் ஒவ்வொன்றுதான். ஒரு நாளாவது உறைத்திருக்க வேண்டாமா?

எங்கள் வீடு மதுரையிலிருந்து நத்தம் போகிற பக்கம், ஊர் முடிந்து கரடு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. பின்னால் கொஞ்சம் தோட்டம், ஒரு கிணறு, ஹாலோ பிளாக்கில் கட்டிப் பூசாமலே விட்ட ஒரு மோட்டார் ரூம், அதைத் தாண்டினால் பாறையும் கருவேலமும்தான். கருஞ்சிட்டுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. தண்ணீரும் பச்சையும் நிறைந்த இடத்தைத் தேடி ஓடுகிற பறவை இல்லை அது. காய்ந்த தரை, கல், முள், நடுவில் ஏறி உட்கார ஒரு சுவர் இருந்தால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போய்ப் பூச்சி பிடிக்கும்.

என் மண்டையில் ஏற்றியது அம்மாதான். ஒருநாள் காலையில் பைனாகுலரும் கையுமாக நின்று அந்த மண்கலர் குருவியைப் பார்த்து, "இது என்னன்னே தெரியலம்மா, எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பொட்டக்குருவிடி. கருப்பு ஒண்ணு வாலத் தூக்கிக்கிட்டுத் திரியுதுல்ல, அதோட ஜோடி. ரெண்டும் ஒண்ணாத்தானே எந்நேரமும் மேயுது, கண்ணு தெரியலையா உனக்கு?"

பைனாகுலர் விலை எட்டாயிரம் ரூபாய். அம்மாவின் கண்ணாடிக்கு அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

கருஞ்சிட்டுக்கு இங்கிலீஷில் இந்தியன் ராபின் என்று பெயர். சரி, அம்மா சொன்னதைச் சரிபார்க்கலாம் என்று போனில் ராபின், ஆண் பெண் வித்தியாசம் என்று தேடினால் வந்ததெல்லாம் வேறு ஊர்ப் பறவை. முதலில் வந்தது இங்கிலாந்து ராபின், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் நெஞ்சு சிவக்க உட்கார்ந்திருக்குமே, அது. அதில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றேதான், இரண்டுக்கும் அதே ஆரஞ்சு நெஞ்சு. பாட்டை வைத்துக்கூடப் பிரிக்க முடியாது, ஏனென்றால் குளிர்காலத்தில் பெண்ணும் தனக்கென்று ஓர் எல்லை பிடித்து வைத்துக்கொண்டு பாடும். அங்கே இருப்பவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் கூடு கட்டுகிற காலம் வரை பொறுத்திருந்து, யார் யாருக்கு ஊட்டுகிறார்கள், யார் அடைகாக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான். ஆண் பூச்சி கொண்டுவந்து பெண்ணுக்கு ஊட்டும்.

அடுத்து வந்தது அமெரிக்க ராபின். அது இந்தக் கூட்டத்திலேயே சேர்த்தி இல்லை, பாடும் பூங்குருவி இனத்தைச் சேர்ந்த பெரிய பறவை. அங்கே குடியேறப் போனவர்கள் செம்பழுப்பு நெஞ்சைப் பார்த்ததும் ஊர் ஞாபகத்தில் ராபின் என்று கூப்பிட்டுவிட்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. அதில் ஆணுக்குத் தலை கருகருவென்றும் நெஞ்சு நல்ல அடர் நிறத்திலும் இருக்கும், பெண்ணுக்கு இரண்டுமே கொஞ்சம் மங்கல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், தனியாக ஒன்று நின்றால் அங்கே உள்ளவர்களே தடுமாறத்தான் செய்வார்கள்.

நம் ஊர்க் கருஞ்சிட்டில் அந்தக் கஷ்டம் எதுவுமே இல்லை. ஆணும் பெண்ணும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற மாதிரி இருக்கும். என் சிக்கலே அதுதான். வித்தியாசம் கொஞ்சமாக இருந்திருந்தால் ஒரே பறவை என்றாவது புரிந்திருக்கும்.

ஆண் பளபளவென்று கருப்பு, வெயிலில் பார்த்தால் லேசாக நீலம் ஓடும். தோளில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு, ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. சிறகை மடக்கி நிற்கும்போது சில நேரம் மெல்லிய கோடாகத் தெரியும், சில நேரம் சுத்தமாக மறைந்துவிடும். பறக்கிற நேரத்தில்தான் பளிச்சென்று மின்னும். பெண்ணிடம் அந்த வெள்ளை கிடையாது. உடம்பு முழுக்க சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே நிறம், செம்மண்ணும் இல்லை கரிசலும் இல்லை, மழை பெய்து காய்ந்த வண்டிப்பாதை மாதிரி. பாறை மேல் அசையாமல் நின்றால் பக்கத்தில் போய்க்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியென்றால் இரண்டும் ஒரே ஜாதி என்று எப்படித் தெரிவது? வாலுக்கு அடியில் பாருங்கள். ஆணுக்கு அங்கே செங்கல் நிறம் இருக்கும், பெண்ணுக்கும் இருக்கும், கொஞ்சம் வெளிறி. இரண்டுமே வாலை முதுகுக்கு மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு திரிகிற பறவைகள் என்பதால் அந்தச் சிவப்பைப் பார்க்க நாம் ஒன்றும் சிரமப்பட வேண்டியதில்லை, அதுவே காட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒன்றரை வருஷம் என் முன்னால் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதன் முதுகையும் நெஞ்சையும் பார்த்து ஏதாவது புள்ளி இருக்கிறதா கோடு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்கப்புறம் எல்லாம் புரிந்துவிட்டது என்ற தைரியத்தில் இருந்தபோதுதான் டெல்லிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் இடிந்த சுவர் ஒன்றில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை. முதுகு நல்ல பழுப்பு. ஆகா, பெண் கருஞ்சிட்டு என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லி வாயை மூடவில்லை, அது இந்தப் பக்கம் திரும்பியது. முகமும் நெஞ்சும் கன்னங்கரேல். பறந்தபோது தோளில் வெள்ளை. ஆண்! வடக்கே இருக்கிற கருஞ்சிட்டு ஆணுக்கு முதுகு பழுப்பாகத்தான் இருக்கும், நம் தெற்கத்திய ஆணும் இலங்கையில் இருப்பதும்தான் மேலேயும் முழுக்கக் கருப்பு. புத்தகங்களிலும் இணையத்திலும் வடக்கத்திய ஆணின் படம் போட்டிருந்தால், அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பறவையோடு ஒப்பிடுகிறவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். அதனால் முதுகை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு கருப்பென்றால் ஆண், அது டெல்லியாக இருந்தாலும் திண்டுக்கல்லாக இருந்தாலும்.

இன்னொரு வில்லங்கம் புதர்ச்சிட்டு. அதுவும் இதே மாதிரி கரட்டில்தான் இருக்கும், அதிலும் ஆண் கருப்பு, தோளில் வெள்ளை, பெண் பழுப்பு. ஆனால் ஆணுக்கு அடிவயிற்றிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் வெள்ளை இருக்கும், கருஞ்சிட்டு ஆணுக்கு அங்கெல்லாம் வெள்ளை இல்லை. பெண்களில்தான் ஏமாறுவோம். பெண் புதர்ச்சிட்டுக்கும் ஒரு செம்பழுப்பு உண்டு, அது வாலுக்கு மேல்பக்கம், முதுகு முடிகிற இடத்தில். கருஞ்சிட்டுக்கு வாலுக்குக் கீழ்ப்பக்கம். மேலே சிவப்பா கீழே சிவப்பா, அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் நிற்கிற தோரணை. புதர்ச்சிட்டு சின்ன உருவம், குட்டை வால், செடி உச்சியிலோ வேலிக் கம்பியிலோ ஏறி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பூச்சியைக் கண்டால் குதித்துப் பிடித்துவிட்டு மறுபடி மேலே போய்விடும். கருஞ்சிட்டு நீளக்காலும் நீள வாலுமாகத் தரையில் நடமாடுகிற ஆள்.

கருஞ்சிட்டு என்று பெயர் வைத்தவரை நான் கொஞ்ச நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், கருப்பான சிட்டு என்றால் பெண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிறகு பார்த்தால் லத்தீன் பெயரும் அதே கதைதான். உயிரினங்களுக்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1766-இல் இதற்கு வைத்த பெயரில் ஃபுலிகாட்டா என்ற சொல் வருகிறது. அது நாமக்கோழியைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கண்மாயில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு நீந்துமே கருப்பாக ஒன்று, அதுதான். ஆக அங்கேயும் கணக்கில் வந்தது கருப்புதான், பெண் இல்லை. இதில் இன்னொரு கூத்து, அவருக்கு முன்னால் இந்தப் பறவையை விவரித்த பிரெஞ்சுக்காரர் பிரிசோன் இது பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று எழுதிவைத்துவிட்டார். பிலிப்பைன்ஸில் கருஞ்சிட்டே கிடையாது. பின்னால் வந்தவர்கள் திருத்தி, இதன் மூல இடம் புதுச்சேரி என்று குறித்துவைத்தார்கள்.

தோட்டத்து மாமரத்தில் குண்டுகரிச்சானும் இருக்கிறது, அதுவும் ராபின் வகைதான், இப்போது கருஞ்சிட்டையும் அதையும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். (பெயரில் கரிச்சான் இருப்பதால் இரட்டைவால் கரிச்சானுக்குச் சொந்தமோ என்று நினைக்க வேண்டாம், அது வேறு குடும்பம்.) மாசி பங்குனி வந்துவிட்டால் விடிவதற்கு முன்னாலேயே உச்சாணிக் கொம்பில் நின்று பாட ஆரம்பித்துவிடும். அப்படி நீளமாக, விதவிதமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுவது ஆண். பெண்ணும் சில நேரம் பாடும், ஆனால் சுருக்கமாக, ஆண் பக்கத்தில் இருக்கும்போது. காலையில் அரைத்தூக்கத்தில் படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம் ஆண் என்று, அது ஒரு வசதி.

கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால்: ஆணுக்குத் தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் நீலம் கலந்த கருப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, வாலின் ஓரங்களும் வெள்ளை. பெண்ணுக்கும் அச்சு அசல் அதே டிசைன்தான், கருப்பு வருகிற இடத்திலெல்லாம் சாம்பல். டோனர் தீர்ந்துபோகிற நேரத்தில் எடுத்த ஜெராக்ஸ் மாதிரி. கருஞ்சிட்டில் செய்த தப்பை இதில் யாரும் செய்ய மாட்டார்கள், பார்த்ததுமே ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் இதையும் இலங்கையில் இருக்கிற நண்பர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பெண் குண்டுகரிச்சான் கிட்டத்தட்ட ஆண் அளவுக்கே அடர்வாக இருக்கும். காவிரிக்குத் தெற்கே உள்ளவற்றையும் முன்பு அந்த இலங்கை வகையோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு பிரித்துவிட்டார்கள். எங்கள் மாமரத்துப் பெண்ணும் புத்தகத்தில் போட்டிருக்கிற வெளிர் சாம்பலைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது, நிழலில் நின்றால் நான் இன்னமும் இரண்டாவது முறை பார்க்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் ஒரு சின்ன உபாயம். நெஞ்சையும் இறக்கையையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். ஆணுக்கு இரண்டும் ஒரே கருப்பு. பெண்ணுக்கு இறக்கை அடர்வாகவும் நெஞ்சு அதைவிட வெளுத்தும் இருக்கும்.

இந்தப் பறவைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி என்பவர் ஒரு குண்டுகரிச்சானை லண்டனில் செடி, பறவை, பூச்சி என்று சேகரித்துக்கொண்டிருந்த பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார், சௌலரி என்ற உள்ளூர்ப் பெயரோடு. 1758-இல் லின்னேயஸ் அந்தச் சொல்லை வைத்துத்தான் சௌலாரிஸ் என்று பெயர் சூட்டினார். பிறகு வந்தவர்கள் அது சூரியனைக் குறிக்கிற சோலாரிஸாக இருக்கும், மனுஷன் எழுத்துப்பிழை விட்டுவிட்டார் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது நூறு பாட்டு என்று அர்த்தம் வருகிற இந்திச் சொல் என்று விளக்கியவர் எட்வர்ட் பிளைத் என்ற பறவை ஆய்வாளர். பல்க்லி அனுப்பியது ஆணா பெண்ணா என்று கேட்கவே வேண்டாம். ஆண்தான்.

கூட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பெண் ஏன் மண்கலரில் இருக்கிறாள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. போன சித்திரையில் அம்மா மோட்டார் போடப் போனவள் அரக்கப்பரக்கத் திரும்பி வந்தாள். "ரூமுக்குள்ள பாம்பு இருக்குடி, சுவத்து ஓட்டைல சட்டை தொங்குது." டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு போனேன். உடைந்த ஹாலோ பிளாக் ஒன்றின் ஓட்டையில் பாம்புச்சட்டை ஒரு சாண் நீளத்துக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பை நீட்டப் போன நேரம் உள்ளே ஒரு ஜோடிக் கண் தெரிந்தது. பாம்பு இல்லை. நம் மண்கலர் மகராசி, அப்படியே அமுங்கி உட்கார்ந்திருந்தாள். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தும் நகரவில்லை. சுவரின் நிறமும் அவள் நிறமும் ஒன்று, கண் மட்டும் இல்லையென்றால் நான் வெறும் ஓட்டை என்றுதான் நினைத்திருப்பேன்.

கருஞ்சிட்டு கூட்டில் பாம்புச்சட்டைத் துண்டு வைப்பது வழக்கம்தானாம், புல்லு, வேர், ரோமம் இதோடெல்லாம் சேர்த்து. எங்கள் கூட்டில் அம்மாவின் நரைமுடியும் இருந்தது, சீப்பில் வருவதைச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போடுகிற பழக்கத்தின் பலன். அவள் இரை தேடப் போன நேரத்தில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், மூன்று முட்டை, வெளிர் நிறத்தில் பழுப்புப் பொட்டுகள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை, மோட்டாரை மட்டும் வாசலிலிருந்தே கையை நீட்டிப் போட்டுக்கொண்டோம்.

அடைகாப்பது முழுக்க அவள் பொறுப்பு. கருப்பன் ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் எழுதியிருப்பதும் அதேதான். பத்துப் பன்னிரண்டு நாள், தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில், கீரியும் பூனையும் ஓணானும் நடமாடுகிற இடத்தில், ஒரு ஓட்டைக்குள் அசையாமல் இருக்க வேண்டும். அங்கே போய்க் கன்னங்கரேலென்று வெள்ளைப் பட்டையோடு உட்கார முடியுமா? அவன் அந்த நேரமெல்லாம் குழாய் மேலே நின்று வாலை ஆட்டிக்கொண்டு, இது என் இடம் என்று காட்டிக்கொண்டிருந்தான். சும்மா சொல்லக் கூடாது, குஞ்சு பொரித்த பிறகு அவனும் மாங்கு மாங்கென்று புழு கொண்டுவந்தான்.

அவன் பண்ணின ஒரு காரியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வண்டியை மோட்டார் ரூம் பக்கம் நிறுத்துவார். தினமும் சாயங்காலம் பார்த்தால் வலதுபக்கக் கண்ணாடி முழுக்க எச்சமும் கீறலும். ஒளிந்து நின்று பார்த்தேன். கருப்பன் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, உள்ளே இருக்கிற இன்னொரு கருப்பனைக் கொத்து கொத்தென்று கொத்திக்கொண்டிருந்தான், மூச்சு வாங்க நிறுத்துவான், எட்டிப் பின்பக்கம் போய்த் தேடுவான், மறுபடி வந்து கொத்துவான். கூடு கட்டுகிற காலத்தில் ஆணுக்கு இன்னொரு ஆணைக் கண்டால் ஆகாது, அது தான்தான் என்று அதற்குத் தெரியாது. பழைய சாக்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டோம், சண்டை நின்றுவிட்டது. ஆபீஸ் போகிற வழியில் சாக்ஸைக் கழற்ற மறந்து நத்தம் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்விட்டு வந்து என்னைத் திட்டினார், அது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழுப்பாக இருப்பதெல்லாம் பெண் இல்லை. கூட்டைவிட்டு வந்த குஞ்சுகள் பார்க்க அம்மா மாதிரியேதான் இருக்கும், தொண்டைப் பக்கம் மட்டும் கொஞ்சம் திட்டுத் திட்டாக. அதில் ஆண்குஞ்சு எது என்று அந்த வயதில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வைகாசி ஆனியில் நாலு மண்கலர் குருவியைப் பார்த்துவிட்டு நாலு பெண் என்று ஈபேர்டில், அதாவது பறவைக் கணக்கைப் பதிகிற இணையதளத்தில், ஏற்றுகிறவர்கள் (நானும் ஏற்றியிருக்கிறேன்) கொஞ்சம் பொறுக்கலாம். குண்டுகரிச்சான் குஞ்சு அந்த விதத்தில் தேவலை, மேலெல்லாம் செதில் செதிலாகப் பழுப்பு ஓடியிருக்கும், பெரியவற்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு.

எங்கள் மூன்று முட்டையில் இரண்டு குஞ்சு வெளியே வந்தன. ஒரு வாரம் மாங்கன்றுக்கு அடியில் திரிந்துவிட்டுக் கரட்டுப் பக்கம் போய்விட்டன. நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது "கருஞ்சிட்டு - 4. ஆண் 1, பெண் 1, குஞ்சு 2". அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே மோட்டார் ரூமைப் பார்த்தாள். "அடுத்த வருஷமும் வருமாடி? வரும்னா சொல்லு, வெள்ளிக்கிழம கொத்தனார் பூச வர்றாரு, அந்த ஓட்டைய மட்டும் விட்டுரச் சொல்லணும்."